நான்கு டயர், ஐந்து தூக்கல், ஒரு துருச் செதில்

நேற்றுக் காலை மட்டக்களப்புப் பக்கம் செங்கலடி தாண்டி, சந்திவெளிக்கும் கிரானுக்கும் இடையில் றோட்டு நேராகக் கிடக்கிற இடத்தில் காரின் வேகமுள் 70-ஐத் தொட்டது. ஸ்டியரிங்கில் இரண்டு விரல் மட்டும் வைத்திருந்தேன். நடுக்கம் இல்லை. பக்கத்தில் இருந்த மாமா, "இப்ப சரியா மருமகன்?" என்று கேட்டார். "ஓம் மாமா" என்றேன். அந்த ஒரு 'ஓம்' சொல்ல ஐந்து வாரமும் 23,000 ரூபாவும் போயிருக்கிறது.

தொடங்கிய வேலை என்னவோ சின்னதுதான். காரின் டயர்களை முன் பின் மாற்றிப் போடுவது. கராஜில் கொடுத்தால் அரை மணி நேரம். இந்த முறை நானே செய்வது என்று இறங்கினேன். அதற்குக் காரணம் போன முறை. ஒரு டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை இறுக்கி விட்டிருந்தார்கள். பிறகு ஒரு மாரி நாளில் பஞ்சராகி, கொக்கட்டிச்சோலைக்கு அங்காலே மழைக்குள் நின்று ஸ்பானரில் ஏறி மிதித்தும் ஒரு நட்டுக்கூட அசையவில்லை. வயலுக்குப் போன ஒரு தம்பி உழவு மெசினில் இருந்து மூன்று அடிக் குழாய் கொண்டுவந்து ஸ்பானரில் செருகித்தான் கழற்றினோம். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி என் காருக்கு நட்டு இறுக்குவது நான்தான் என்று.

கார் 2007 டொயோட்டா விட்ஸ், 1,000 சிசி. முன் சில்லு இழுக்கிற வண்டி. டயர் 165/70 ஆர்14. ஒவ்வொரு நாளும் ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்குப் போய் வருகிறேன். பாலம் வரைக்கும் கார்ப்பெட் றோட்டு. அங்கால் பாதி தார், பாதி கிரவல். மாரியில் சில இடங்களில் றோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும். கார் நிற்பதோ மாமாவின் வளவில். கலியாணம் முடித்தால் பெண்வீட்டில் குடியிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே வளவும் மாமாவுடையது, மணலும் மாமாவுடையது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு கீற்று நிலம். இரும்பு எதுவும் இரண்டு மாரிக்கு மேல் வெள்ளையாக நிற்காத ஊர். இதை முதலிலேயே யோசித்திருந்தால் இந்தப் பதிவு பாதியில் முடிந்திருக்கும்.

ஓடோமீற்றர் 86,910 காட்டிய சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். வெயில் ஏற முன் முடித்துவிட வேண்டும். புது டயர் போட்டது 77,300-இல், ஆக ஓடியது 9,610 கிலோமீற்றர். 8,000-க்குள் மாற்றுவது நல்லது, 10,000-ஐத் தாண்டக் கூடாது. நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

முதல் வேலை, எதையும் தூக்காமல், டயர்களைப் படிப்பது. வேர்னியர் அளவுகோலின் வாலை டயரின் பள்ளத்துக்குள் இறக்கி, ஒவ்வொரு டயரிலும் வெளி ஓரம், நடு, உள் ஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து, டயரின் பக்கத்திலேயே சோக்கால் எழுதினேன். பின் டயர்கள் இரண்டும் 6.8 மில்லிமீற்றர், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. முன் டயர்கள் வெளியே 5.4, நடுவில் 5.5, உள்ளே 4.9. முன் சில்லு இழுக்கிற காரில் முன் டயர் கூடத் தேய்வது இயல்பு. இழுப்பதும் அது, திருப்புவதும் அது, பிரேக்கின் பெரும் பாரத்தைச் சுமப்பதும் அது. ஆனால் உள் ஓரம் மட்டும் அரை மில்லிமீற்றர் கூடத் தேய்ந்திருந்தது எலைன்மென்டின், அதாவது சில்லுகள் நிற்கும் கோணத்தின், வேலை. கிரவல் குழிகள் சும்மா விடவில்லை. டயரை மாற்றிப் போடுவதால் இது சரிவராது, அடுத்த இரண்டு டயரையும் அதே மாதிரித் தின்னும். ஆகவே அடுத்த நாளே எலைன்மென்ட் செய்வதென்று குறித்துக்கொண்டேன். மாற்றிப் போட்ட பிறகு அளந்திருந்தால் இந்தத் தடயம் பின்னுக்குப் போய் ஒளிந்திருக்கும்.

டயரின் பக்கத்தில் சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பார்த்தேன். அம்பு இருந்தால் இடது டயர் இடப்பக்கமே இருக்க வேண்டும், முன் பின் மட்டும்தான் மாற்றலாம். என்னுடையதில் இல்லை. வாரமும் வருடமும் காட்டும் நான்கு இலக்கம் 2223, அதாவது 2023-இன் 22-ஆம் வாரம். நான்கிலும் அதேதான். பள்ளங்களில் செருகியிருந்த கிரவல் கற்களை ஒரு பழைய ஸ்குரூ டிரைவரால் கிண்டி எடுத்தேன். ஒரு சிரட்டை நிறையச் சேர்ந்தது. சின்ன மகள் அதை விளையாடக் கொண்டுபோனாள்.

அடுத்தது தூக்குவது. மச்சானிடம் இருந்து இரண்டு டொன் தரை ஜக்கை வாங்கி வந்திருந்தேன், ஸ்டாண்ட் இரண்டும் சொந்தமாக வாங்கினேன். ஜக்கை மணலில் வைத்து நாலு பம்ப் அடித்ததும் ஜக்கு கீழே போனது, கார் மேலே வரவில்லை. சரி என்று ஒரு சின்னப் பலகையை அடியில் வைத்தேன். இப்போது கார் எழும்பியது, ஆனால் பக்கவாட்டில் இழுபட்டது. ஜக்கின் தலை கதவடி விளிம்பில் ஒரு விரல் அளவு சறுக்கி நின்றது. வயிற்றில் ஒரு குளிர்.

கீழே இறக்கிவிட்டு இருந்து யோசித்தபோதுதான் விளங்கியது. தரை ஜக்கின் கை ஒரு வட்டத்தில்தான் மேலே போகிறது. தூக்கத் தூக்க ஜக்கு தன் சின்னச் சில்லுகளில் காருக்குள் உருண்டு வர வேண்டும். மணலில் அதால் உருள முடியாது, பலகை சின்னதென்றாலும் முடியாது. ஆகவே அது காரை இழுக்கிறது. மாமாவின் பழைய நெல் அறைக் கதவில் இருந்து இரண்டரை அடி நீளப் பலகை ஒன்று அறுத்து, மணலைத் தட்டி மட்டமாக்கி, அதன் மேல் ஜக்கை வைத்தேன். ஸ்டாண்டுக்கு இன்னொரு பலகை, ஓரடிச் சதுரம். அதற்குப் பிறகு ஜக்கு உருண்டு உருண்டு ஒழுங்காகத் தூக்கியது. தூக்கியதும் ஸ்டாண்டைக் கொடுத்துத்தான் சில்லைக் கழற்றினேன். நட்டுகளைச் சில்லு தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட வேண்டும். தூக்கிய பிறகு இளக்கப் பார்த்தால் சில்லும் சேர்ந்து சுற்றும், காரும் ஆடும்.

இன்னொன்று. இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை மட்டும். பின்னுக்குத் தூக்கும்போது அதை நம்ப முடியாது, முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். நான் பழைய செங்கல்லை வைத்தேன். அது சரியில்லை. உடையும். அடுத்த முறை மரத்தில் ஆப்பு செதுக்குவேன்.

போடுகிற முறை, முன்னது நேரே பின்னுக்கு, பின்னது பக்கம் மாறி முன்னுக்கு. முன் இடது பின் இடதாகும், முன் வலது பின் வலதாகும், பின் இடது முன் வலதுக்குப் போகும், பின் வலது முன் இடதுக்கு வரும். இதை ஒரு ஜக்கோடு எப்படிச் செய்வது என்று முதல்நாள் இரவு கொப்பியில் படம் கீறிப் பார்த்தேன். ஸ்பெயார் சில்லை இடைக்கு ஆளாக வைத்தால் கார் ஒருநேரமும் இரண்டு சில்லில்லாமல் நிற்கத் தேவையில்லை. முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்பெயார். கழற்றியது பின் இடதுக்கு. அங்கிருந்து வந்தது முன் வலதுக்கு. அங்கிருந்து வந்தது பின் வலதுக்கு. அங்கிருந்து வந்தது ஸ்பெயார் நின்ற முன் இடதுக்கு. மொத்தம் ஐந்து தூக்கல். நேரம் கூடப் போகும், ஆனால் மனம் நிம்மதி.

இதில் ஒரு பக்க இலாபமும் கிடைத்தது. ஸ்பெயாரை வெளியே எடுத்தால் அதில் காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. இருந்தது. இது மெல்லிய தற்காலிகச் சில்லு, அதன் பக்கத்திலேயே 60 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறது. அரைக் காற்றோடு எத்தனை மாதம் டிக்கிக்குள் கிடந்ததோ. நம்மில் பாதிப் பேரின் ஸ்பெயார் இப்படித்தான் கிடக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

முன் இடது சில்லு நட்டு நான்கும் கழன்ற பிறகும் வரவில்லை. றிம்மும் பிரேக் டிஸ்க்கும் துருவால் ஒட்டிப் போயிருந்தன. உப்புக் காற்றின் உபயம். றிம்மில் சுத்தியலால் அடிக்கக் கூடாது, வளையும். நட்டுகளை இரண்டு புரி மட்டும் திரும்ப ஏற்றிவிட்டு, சம்மணமிட்டு இருந்து இரண்டு உள்ளங்காலாலும் டயரை இடமும் வலமுமாக மாறி மாறி உதைத்தேன். ஏழாவது உதையில் 'டப்' என்று விட்டது. நட்டு இல்லாமல் உதைத்திருந்தால் சில்லு காலில் விழுந்திருக்கும். கழன்றதும் ஒரு கைப்பிடி துரு மணலில் கொட்டியது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, விழுந்தது விழுந்துவிட்டதுதானே என்று அடுத்த சில்லுக்குப் போய்விட்டேன். கதையின் வில்லன் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

நட்டு இறுக்க, வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் டோர்க் ரெஞ்ச் வாங்கியிருந்தேன், அரை அங்குலம், 28-இல் இருந்து 210 நியூட்டன் மீற்றர் வரை, 9,800 ரூபா. இந்தக் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். சொக்கட் 21 மில்லிமீற்றர். முதலில் கையாலே ஏற்றி, பிறகு எதிர் எதிர் நட்டாகச் சாதாரண ஸ்பானரால் ஓரளவு இறுக்கி, சில்லைத் தரைக்கு இறக்கி, கடைசியாக டோர்க் ரெஞ்ச். 'டிக்' என்றதும் நிறுத்த வேண்டும். முதல் நட்டில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு. கையில் அந்தத் துள்ளல் எப்படி வரும் என்று பழகிய பிறகு காது தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் ரெஞ்சை ஆகக் குறைந்த அளவுக்கு இளக்கி வைத்தேன், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும். போல்ட் புரிகளுக்கு எண்ணெய் போடச் சொல்லி ஒரு நண்பன் தொலைபேசியில் சொன்னான். போடவில்லை. 103 என்பது காய்ந்த புரிக்கான கணக்கு. எண்ணெய் போட்டால் அதே 'டிக்'குக்கு போல்ட் இன்னும் கூட இழுபடும்.

காற்றையும் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, முன்னுக்குரியது முன்னுக்கும் பின்னுக்குரியது பின்னுக்கும் என்று திரும்ப அளந்து வைத்தேன். டயர் ஆறியிருக்கும் காலைநேரத்தில் அளப்பதே சரி. ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்தது. மூன்றரை மணி நேரம். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து, "கடையில குடுத்திருந்தா இதுக்குள்ள நாலு தரம் செய்திருப்பாங்களே" என்றார். சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை எலைன்மென்ட், 3,000 ரூபா. திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. அந்த றோட்டில் யாரும் 50-ஐத் தாண்டுவதில்லை. புதன்கிழமை வாழைச்சேனைக்கு ஓர் அலுவலாகப் போனேன். வந்தாறுமூலை தாண்டி 65-க்கு வந்ததும் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. 70-இல் நன்றாக. 55-க்கு இறக்கினால் இல்லை. பிரேக் பிடித்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சீட் நடுங்காமல் ஸ்டியரிங் நடுங்கினால் கோளாறு முன்னுக்கு. பிரேக் பிடித்தால் மாறாததால் டிஸ்க்கின் தேய்மானமும் இல்லை. இவ்வளவும் சரியாக யோசித்தேன். அடுத்த படியில் வழுக்கிவிட்டேன். முன்னுக்கு இப்போது இருப்பவை முன்பு பின்னுக்கு இருந்தவை. பின்னுக்கு இருந்தபோது பெலன்ஸ் குறைவு, அதாவது சில்லைச் சுற்றிப் பாரம் சமமில்லாதது, தெரிந்திருக்காது, முன்னுக்கு வந்ததும் காட்டிக்கொடுக்கிறது என்று தீர்மானித்தேன். கேட்க நல்ல நியாயம்தான். முன் இரண்டு சில்லுக்கும் பெலன்சிங் செய்தேன், 1,200 ரூபா. மெசினில் ஒன்று 5 கிராம் காட்டியது, மற்றது 10. இரண்டு சின்ன ஈயத்துண்டு தட்டினார்கள். இவ்வளவு சின்னக் குறைக்கு அந்த நடுக்கம் வராது என்று அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். அதே ஹப்பில், அதாவது சில்லு மாட்டும் நடு இரும்பில், அதே மாதிரி மாட்டினார்கள். வெளியே வந்து ஓட்டினேன். அதே நடுக்கம்.

இதற்கிடையில் ஒரு தடயத்தையும் தவற விட்டேன். சில்லு கழற்றி மாட்டினால் 50-இல் இருந்து 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். செவ்வாய் மாலை சோதித்தேன். மூன்று சில்லில் எதுவும் அசையாமல் 'டிக்' என்றது. முன் இடதில் மட்டும் ஒரு நட்டு கால் சுற்று வரை போய்த்தான் 'டிக்' என்றது. நல்லவேளை சோதித்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ரெஞ்சைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஒழுங்காக இறுக்கிய நட்டு நாலு நாளில் ஏன் கால் சுற்று இளகியது என்று கேட்கவே இல்லை. இடையில் ஏதோ நசுங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் காரை ஓட்டிப் பார்க்காமலே, "பெயரிங்காக இருக்கும், இல்லாட்டி டிஸ்க் கடைய வேணும், விட்டுட்டுப் போங்க" என்றார். விட்டுவிட்டு வரவில்லை.

மூன்று வாரம் 60-க்கு மேல் போகாமல் ஓட்டினேன். பிறகு ஒரு போயா விடுமுறையில் முன் இடதைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். சில்லின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினேன். பெயரிங்கில் ஆட்டம் இல்லை. சில்லைச் சுற்ற கியரை நியூட்ரலில் போட வேண்டும், ஆகவே பின் சில்லுக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக் இரண்டும் கட்டாயம். சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு நேராகத்தான் சுற்றுகிறது. டயரின் ரப்பரை நம்ப முடியாது, றிம்மின் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். அளக்கிற டயல் கருவி என்னிடம் இல்லை.

மாமியின் விளக்குமாற்றில் இருந்து தடித்த ஈர்க்கு ஒன்று உருவினேன். ஒரு சீமெந்துக் கல்லில் ரப்பர் பட்டியால் கட்டி, கல்லைச் சில்லுக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஈர்க்கின் நுனி றிம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தேன். மெல்லச் சுற்றினேன். ஒரு இடத்தில் ஈர்க்கு 'கிறிச்' என்று உரசியது. அரைச் சுற்றுப் போனதும் விலகி வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளிக்குள் மகளின் படம் கீறும் ஏ4 தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் செருகினேன். 14 தாள் போனது. ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், ஆக 1.4. முன் வலதிலும் அதே கல், அதே ஈர்க்கு. மூன்று தாள்.

இனிக் கேள்வி, வளைந்தது றிம்மா, ஹப்பா. உரசிய இடத்துக்கு நேரே இருந்த போல்ட்டின் நுனியில் மனைவியின் சிவப்புக் கியூட்டெக்ஸை ஒரு சொட்டு வைத்தேன். றிம்மில் அதே இடத்தில் சோக். சில்லைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி, எதிர்ப் போல்ட்டுகளில் மாட்டி, திரும்பச் சுற்றினேன். சோக் அடையாளம் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஈர்க்கு உரசியது கியூட்டெக்ஸ் போல்ட்டுக்கு நேரேதான். றிம் தப்பியது. குற்றவாளி ஹப் பக்கம்.

எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது. ஹப் வளைந்தால் பெயரிங்கும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மாமா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் படுவான்கரையில் இருந்து நெல் ஏற்றிய லொறிச் சாரதி. மண்முனையில் பாலம் இல்லாமல் 'பாதை' என்கிற மிதவையில் வண்டி ஏற்றி வாவியைக் கடந்த காலத்து ஆள். எழும்பி வந்து, "மருமகன், மாட்ட முன்ன சுரண்டினீங்களா? லொறிக்குச் சில்லு போடக்குள்ள நாங்க முதல் ரெண்டு முகத்தையும் சுரண்டித் துடைச்சிட்டுத்தான் மாட்டுவம்" என்றார். இரண்டு முகம் என்றது றிம்மின் முதுகும் ஹப்பின் முகமும். நான் ஒன்றையும் சுரண்டவில்லை.

சில்லை மறுபடி கழற்றி, டோர்ச் அடித்து, டிஸ்க்கின் நடுமுகத்தை விரலால் தடவினேன். கியூட்டெக்ஸ் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் தட்டியது. கறுப்பும் சிவப்புமாக, கொடுவா மீன் செதில் மாதிரி, பெருவிரல் நகம் அளவில் ஒரு துருத் தகடு. பாதி பெயர்ந்து, அமர்த்தப்பட்டு, மேற்பக்கம் பளபளவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கம் றிம் அதன் மேல் இருந்து அமர்த்தியதால் வந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து வேர்னியரில் வைத்தேன். 0.4 மில்லிமீற்றர்.

கணக்கும் பொருந்தியது. போல்ட் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், றிம் 14 அங்குலம், அதாவது 355. மூன்றரை மடங்கு. நடுவில் 0.4 தூக்கினால் விளிம்பில் 1.4 ஆடும். தாளும் வேர்னியரும் இப்படி ஒத்துப்போனது எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டாம் தரமும் அளந்தேன்.

பழைய சில்லில் இது ஏன் தெரியவில்லை? இப்போது பின் இடதில் இருக்கும் அதைக் கழற்றி முதுகைப் பார்த்தேன். அதே துருவின் மற்றப் பாதி அங்கே ஒட்டியிருந்தது. இரண்டு மாரியாக அந்தச் சில்லும் அந்த டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகி, சட்டியும் மூடியும் மாதிரிப் பொருந்திக் கிடந்தன. நான் உதைத்துப் பிரித்தபோது துரு பாதி அங்கே, பாதி இங்கே என்று பிய்ந்தது. புதிதாக வந்த சில்லு அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்தது. ஓட ஓடத் துரு நசுங்க, நட்டு இளகியது. கவனிக்காமல் இன்னும் ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க விருப்பமில்லை.

சுத்தம் செய்த விதம் இது. கம்பிப் பிரஷால் முகத்தைத் தேய்த்து, போல்ட்டுகளைச் சுற்றி 80 இலக்கச் சாண்ட் பேப்பரை விரலில் மடித்துச் சுழற்றி, நடுவில் றிம் வந்து பொருந்தும் வளையத்தையும் உரசி, காய்ந்த சீலையால் துடைத்தேன். இரும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்றில்லை, விரல் தடவினால் எங்கும் தட்டக் கூடாது. றிம்மின் முதுகுக்கும் இதேதான். நடு வளையத்தில் மட்டும், துடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிதாகச் செம்புக் கிரீஸ் பூசினேன். போல்ட்டிலும் நட்டு உட்காரும் கூம்பிலும் டிஸ்க்கில் பிரேக் பிடிக்கும் பரப்பிலும் ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. பின் டிரம்மில் இருக்கும் தூசியை ஊத வேண்டாம், ஈரச் சீலையால் துடைப்பது நல்லது.

சில்லை மாட்டி, 103-இல் இறுக்கி, திரும்பத் தூக்கி ஈர்க்கை வைத்தேன். மூன்று தாள். மற்ற மூன்று ஹப்பையும் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு காலையில் செய்தேன். பின் வலதில் துரு இதைவிட மோசம், ஆனால் சுற்றிலும் சமமாக இருந்ததால் ஆட்டவில்லை. பிறகு நட்டுகளைச் சோதித்தேன், 80 கிலோமீற்றர் ஓடிய பிறகு. பதினாறும் அசையாமல் 'டிக்'.

செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்டாண்ட் ஒரு சோடி 8,500. டோர்க் ரெஞ்ச் 9,800. எலைன்மென்ட் 3,000. தேவையில்லாத பெலன்சிங் 1,200. கம்பிப் பிரஷ், சாண்ட் பேப்பர், கிரீஸ் எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 23,100. கடையில் மாற்றிப் போட 1,500 கேட்டிருப்பார்கள். சாமான் இருக்கிறது, போகட்டும். 1,200 மட்டும்தான் உறுத்துகிறது. ஈர்க்கை முதலில் உருவியிருந்தால் அது கையில் இருந்திருக்கும்.

அடுத்த முறை 95,000-இல். அதற்குள் வளவின் ஓரத்தில் பத்தடிக்கு எட்டடி சீமெந்துத் தளம் போட மாமா சம்மதித்திருக்கிறார், நெல் காயப் போடவும் உதவும் என்று. மர ஆப்பு நான்கு செதுக்கியாகிவிட்டது. ஸ்பெயாரில் 60 இருக்கிறது.

இதற்கிடையில் ஜக்கைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் மச்சான் தன் வேனையும் பார்க்கச் சொல்லிவிட்டான். அது பின் சில்லு ஓடுகிற வண்டி, முறை மாறும். பின்னது நேரே முன்னுக்கு, முன்னது பக்கம் மாறிப் பின்னுக்கு. சில்லுக்கு ஆறு நட்டு. மீன் பெட்டி ஏற்றுகிற வேன், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்கப் பின் சில்லுகளில் வடிகிறது. குனிந்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். இன்னொரு கம்பிப் பிரஷ் வாங்க வேண்டும். இரண்டாக வாங்கினால் நல்லது.